தேனீப் பெட்டிக்கு நட்டஈட்டுப் படிவத்தில் இடம் உண்டா? – கால்நடை, தேனீ வளர்ப்போருக்கான அனர்த்தக் கொடுப்பனவு

தென்மராட்சித் தேன்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நான் தென்மராட்சியில் பதினாறு ஆண்டுகளாகப் பெட்டித் தேனீ வளர்த்து வருகிறேன். அதனுடன் நான்கு பசுக்களும் பத்துப் பன்னிரண்டு ஆடுகளும் உண்டு. 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் என் வளவுக்குள் முழங்காலளவு வெள்ளம் நின்றது. ஒரு கன்றும் மூன்று ஆடுகளும் செத்தன. 22 தேனீப் பெட்டிகளில் 13 வெறுமையாகின.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஐந்து பெட்டிகள் தாங்கு காலோடு சரிந்து சேற்றில் கிடந்தன. அவற்றின் அடிப்பலகையில் தேனீக்கள் பிழிந்த தேயிலைச் சக்கை போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புழு இருந்த தேனடைகள் கறுத்துப் புளித்த மணம் வீசியது. மற்ற எட்டுப் பெட்டிகளும் நிமிர்ந்தே நின்றன. ஆனால் அவற்றுள் ஒரு தேனீயும் இல்லை, ஒரு துளி தேனும் இல்லை, புழுவும் இல்லை. அடைகள் துடைத்துவிட்டது போல இருந்தன. பெட்டித் தேனீயை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். நாள்கணக்காக வெளியே போய் மேய முடியாமல், சேமித்த தேனையும் தின்று முடித்து, மழை சற்று விட்ட நேரத்தில் அவை கூட்டை விட்டுப் பறந்துவிட்டன.

சேதம் பார்க்க வந்தவர்கள் மரியாதையாகவே நடந்தார்கள். இறந்த கன்றைப் படம் எடுத்தார்கள், ஆடுகளின் எண்ணிக்கையைக் குறித்தார்கள். எனக்குத் தரப்பட்ட படிவத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நிரல்கள் இருந்தன, தேனீக்கு இல்லை. “குறிப்பு” என்ற இடத்தில் “மரப்பெட்டி 13, சேதம்” என்று எழுதினார்கள். சரிந்து உடைந்த ஐந்து பெட்டிகளாவது மரச்சாமான் என்ற கணக்கில் நின்றன. பறந்துபோன எட்டுத் தேனீக் குடும்பங்களுக்கு எந்தச் சொல்லும் எழுதப்படவில்லை.

என் கேள்விகள் இரண்டு. வடக்கில் எவராவது தேனீ இழப்புக்கு அரச கொடுப்பனவு பெற்றிருக்கிறீர்களா? பெற்றிருந்தால் எந்த ஆதாரத்தைக் காட்டிப் பெற்றீர்கள்?

மணற்காட்டுப் பட்டி

அண்ணை, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். எங்களுடையது வடமராட்சி கிழக்குப் பக்கம். தேனீயைப் பற்றிச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. மாட்டைப் பற்றிச் சொல்கிறேன், அதுவும் நீங்கள் கேட்கும் ஆதாரத்தைப் பற்றியதே.

2022 மார்கழியில் மண்டூஸ் புயல் கடலில் போனபோது இங்கே புயல் கரை ஏறவே இல்லை. விடாத மழையும் எலும்பைத் துளைக்கும் குளிர்காற்றும் மட்டுமே வந்தன. அந்த இரண்டொரு நாளில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. நோயாக இருக்குமோ என்ற அச்சத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து இறைச்சி கொண்டுசெல்வதையே தடுத்தார்கள். மாதிரிகளைப் பேராதனைக்கு அனுப்பிப் பார்த்த பின்னர்தான் குளிர் என்று உறுதியானது. கொட்டில் இல்லாமல் திறந்த பட்டியில் நின்றவைதாம் கூடுதலாக மடிந்தன. மாரியில் புல்வெளி வெள்ளத்துள் போய்விட, வயிறு காய்ந்து நின்ற மாடு நனைந்த தோலோடு இரவு முழுவதும் காற்றில் நின்றால் அதன் உடற்சூடு இறங்கிவிடும். விடியப் பார்த்தபோது என்னுடைய ஏழு மாடுகள் படுத்த இடத்திலேயே கிடந்தன. ஒரு மாடு கன்றைத் தன் வயிற்றுப் பக்கம் அணைத்தபடி கிடந்தது. கன்று மட்டும் உயிரோடு இருந்தது.

செத்த மாட்டை நீண்ட நேரம் வைத்திருக்க முடியாது. தண்ணீர் நிற்கும் இடத்தில் நாற்றமும் நோயும் கிணற்றுக்குப் போகும். ஆகவே அயலவர்களோடு சேர்ந்து மேட்டு நிலத்தில் ஆழக் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டேன். பின்னர் வந்த அலுவலர், “மாடுகள் எங்கே?” என்று கேட்டார். கிடங்கைக் காட்டினேன். ஏழில் மூன்றுக்கு மட்டுமே காதில் இலக்கத் தகடு இருந்தது. புதைக்கும் முன் அந்த மூன்று காதுகளையும் தகட்டோடு அறுத்து உப்புப் போட்டு வைத்திருந்தேன். அது எனக்கு ஒரு வயோதிபர் சொல்லித் தந்த உபாயம். அந்த மூன்றும் கணக்கில் ஏறின. மற்ற நான்கும் என் வாய்ச்சொல்லாக நின்றுவிட்டன.

உடல் இருந்த மாட்டுக்கே இந்த நிலை என்றால், பறந்துபோன தேனீக்கு யார் சாட்சி?

பழைய கந்தோர்

நான் பிரதேச செயலகமொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். இருவருடைய பதிவுகளையும் வாசித்தபின், இந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பதை விளக்குவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

மூன்று வேறு பணங்களை மக்கள் ஒரே பெயரால் “வெள்ளக்காசு” என்கிறார்கள். முதலாவது நிவாரணம்: சமைத்த உணவு, உலர் உணவு, டித்வாவுக்குப் பின் வீட்டைத் துப்புரவு செய்ய வழங்கிய 25,000 ரூபா போன்றவை. இது கிராம அலுவலரின் பட்டியலில் தொடங்கிப் பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் வழியாகப் போகிறது. இரண்டாவது, தொழில் இழப்புக்கான நட்டஈடு. ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னும் அரசாங்கம் எடுக்கும் முடிவையும் அதன்பின் வரும் சுற்றறிக்கையையும் பொறுத்தே இது அமைகிறது. மூன்றாவது காப்புறுதி. 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை பயிரோடு கால்நடைக்கும் காப்புறுதி வழங்குகிறது. தவணைப்பணம் கட்டியவருக்கு மட்டுமே அது உரியது. முதலாவதைப் பெற்றவர் இரண்டாவதும் கிடைத்துவிட்டது என்று எண்ணி விண்ணப்பிக்காமல் இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இப்போது தேனீக்கு வருவோம். மாடு, ஆடு, கோழி கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்குரியவை. அரச கால்நடை வைத்திய அதிகாரி உறுதிப்படுத்தினால் எண்ணிக்கை ஏறும். தேனீ வளர்ப்போ விவசாயத் திணைக்களத்துக்குரியது. அதன் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளையில், பிந்துனுவெவவில் இருக்கிறது. ஆகவே கால்நடை அலுவலகத்தில் “இது விவசாயம்” என்பார்கள். கமநல சேவை நிலையத்துக்குப் போனால், அங்கே இழப்பு அளக்கப்படுவது பயிர்செய்த நிலப்பரப்பைக் கொண்டு. தேனீக்கு ஏக்கர் கணக்கும் இல்லை, தகடு மாட்டக் காதும் இல்லை. எந்த அலுவலரும் தம்பிக்கு வேண்டுமென்று அநீதி செய்தார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு மேசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் உங்கள் பெட்டிகள் விழுந்துவிட்டன.

வழி ஒன்று உண்டு. விவசாயப் போதனாசிரியரிடம் எழுத்தில் முறையிட்டு, அவர் வளவுக்கு வந்து பார்த்த குறிப்பைப் பெறுங்கள். அந்தக் குறிப்பின் பிரதியை இணைத்துப் பிரதேச செயலாளருக்கு விண்ணப்பியுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வலிகாமத் தோட்டம்

இந்த இழையில் மாற்றுக் கருத்தைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வெங்காயமும் மிளகாயும் செய்பவன். அரசாங்கத்தின் பணப்பெட்டி பெரியதல்ல. 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நிலையிலிருந்து இன்னும் முழுதாக எழவில்லை. ஒரு பசு போனால் குடும்பத்தின் நாள்வருமானம் போகிறது, பிள்ளையின் பால் போகிறது. தேனீ அப்படியா? நம் பெட்டித் தேனீ விலைகொடுத்து வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இனமன்று. மரப்பொந்திலும் புற்றிலும் இருப்பதைப் பிடித்துப் பெட்டியில் வைக்கிறோம். பறந்தது இன்னொரு பொந்தில் போய்க் குடியிருக்கும். அடுத்த பருவத்தில் மீண்டும் பிடிக்கலாம். செத்ததற்குக் கொடுப்பது வேறு, இடம் மாறியதற்குக் கொடுப்பது வேறு. மேலும், “என்னிடம் நூறு பெட்டி இருந்தது, எல்லாம் பறந்துவிட்டது” என்று எவரும் சொல்லலாமே. அதைத் தடுப்பது எவ்வாறு?

தென்மராட்சித் தேன்பெட்டி

தோட்டம் அண்ணை, உங்கள் கேள்வி நியாயமானது. முதலில் “மீண்டும் பிடிக்கலாம்” என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நம்முடைய இந்தியத் தேனீ கூட்டை விட்டு ஓடும் இயல்புடையது என்பது உண்மை. ஆனால் பெட்டியில் நிலைத்த ஒரு குடும்பம் பிடித்த நாளிலேயே கிடைத்துவிடுவதில்லை. பொந்திலிருந்து அடைகளை வெட்டி எடுத்து, வாழைநாரால் பெட்டியின் மரச் சட்டங்களில் கட்டி, இராணித் தேனீயைக் காயப்படாமல் உள்ளே விட்டு, வாசலில் இராணி போகாத வலைத்தகடு மாட்டி, எறும்பு ஏறாதபடி தாங்கு காலடியில் தண்ணீர்ச் சிரட்டை வைத்து, சீனிப்பாகு கொடுத்துப் பார்த்துக்கொண்டாலும், பிடித்த பத்தில் ஐந்து நிலைத்தால் நான் அதை நல்ல ஆண்டு என்பேன். நிலைத்ததும் முதலாவது பருவத்தில் தேனெடுக்க மாட்டேன். ஆறு ஏழு சட்டங்களில் நிறைந்த குடும்பமாக அது வளர எனக்கு ஓராண்டுக்கு மேல் செல்கிறது. வெள்ளத்துக்குப் பின் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்று முருங்கையை முறித்துப் பூவையெல்லாம் உதிர்த்துவிடும். அடுத்த பூ வரும்வரை புதிதாகப் பிடித்த குடும்பத்துக்கும் சீனி வாங்கித்தான் ஊட்ட வேண்டும். வெறும் பெட்டியில் விட்ட பழைய அடைகளையோ மெழுகு அந்துப்பூச்சி பத்து நாளில் நூலாம்படையாக்கிவிடும். ஆகவே எனக்குப் போனது 13 குடும்பங்கள் மட்டுமல்ல, வேப்பம்பூவிலும் பனம்பூவிலும் வரவேண்டிய ஒரு பருவத் தேனும் அதனோடு போனது.

இன்னொன்று. தென்மராட்சியில் மாவும் முருங்கையும் பூக்கும்போது என் பெட்டிகளைத் தங்கள் தோட்டத்தில் வைக்கும்படி மூன்று குடும்பங்கள் கேட்கின்றன. நான் காசு வாங்குவதில்லை. பூசணியும் பாகலும் செய்பவர்கள் தேனீ இல்லாத ஆண்டில் காலையில் எழுந்து கையால் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பொய்க் கணக்கை எவ்வாறு தடுப்பது என்ற உங்கள் கேள்விதான் இந்த இழையின் கரு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதற்கு என்னிடம் விடை இல்லை. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனிவயல்

அண்ணா, நான் கோப்பாயில் பிறந்தவள். இப்போது அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறேன். அந்நாட்டில் தேன் உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் மாநிலம் இது. ஒரு பெரிய தேனீப் பண்ணையின் கணக்குகளை ஆறு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அண்ணா கேட்ட கேள்விக்கு இந்த நாட்டு முறையில் ஒரு விடை உண்டு.

இங்கே மத்திய விவசாயத் திணைக்களம் கால்நடை, தேனீ, வளர்ப்பு மீன் ஆகிய மூன்றுக்குமான அவசர உதவித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. சுருக்கமாக ‘ஈலாப்’ என்பார்கள். மாடு, ஆடு செத்தால் அதற்கு வேறொரு திட்டம் இருக்கிறது. சந்தைப் பெறுமதியின் சராசரியில் 75 வீதத்தை அது கொடுக்கிறது. ஈலாப்பில் தேனீக்கு மூன்று வகை இழப்புகளைத் தனித்தனியாகக் கேட்கலாம்: குடும்பம் போனது, பெட்டி சேதமானது, தீனி போனது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் கூடிய வீதத்தில், 90 வீதம் வரை, கொடுக்கிறார்கள்.

பொய்க் கணக்கைத் தடுக்க மூன்று பூட்டுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் தை (ஜனவரி) 2 ஆம் திகதிக்குள் எத்தனை குடும்பங்கள், எந்த இடத்தில் என்று உள்ளூர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அழிவு வந்தபின் எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை. இரண்டு, இழப்பை உரிய தவணைக்குள் அறிவிக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தேனீக்கு அந்தத் தவணை 15 நாட்களாக இருந்தது. மூன்று, எந்த ஆண்டிலும் இயல்பாகவே ஒரு பங்கு குடும்பங்கள் போகும் என்பதை ஏற்று, அந்தப் பங்கைக் கழித்து மிஞ்சியதற்கு மட்டும் கொடுக்கிறார்கள். தோட்டம் ஐயா சொன்ன “இடம் மாறியது” என்ற எதிர்வாதத்துக்கு இந்த மூன்றாவது பூட்டு நல்ல மறுமொழி என்று எண்ணுகிறேன். வழக்கமாகப் பறப்பவை கழிவில் அடங்கிவிடும். வெள்ளத்தால் பறந்தவை மிஞ்சும். இங்கே பெட்டியிலிருந்து தேனீக்கள் காரணம் தெரியாமல் கூட்டமாக மறையும் வீழ்ச்சியைக்கூட ஏற்கும் காரணங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். உடலைக் காட்டு என்று கேட்கவில்லை, பதிவைக் காட்டு என்று கேட்கிறார்கள்.

இதெல்லாம் நேராக வந்தவை அல்ல. 2008 ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டங்கள் 2011 புரட்டாசியோடு காலாவதியாகின. 2013 ஐப்பசி தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவில் பருவத்துக்கு முந்திய பனிப்புயல் வந்தது. குளிர்கால மயிர் வளராத மாடுகள் முதலில் மழையில் நனைந்து, பின்னர் பனியில் உறைந்து பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. மணற்காட்டு அண்ணா எழுதிய மண்டூஸ் குளிரை வாசித்தபோது அதுதான் என் நினைவுக்கு வந்தது. அப்போது அரசாங்க அலுவலகங்களே நிதி முடக்கத்தால் பூட்டிக் கிடந்தன. கேட்பதற்குத் திட்டமும் இல்லை. ஆனால் பண்ணைக்காரர்கள் படம் எடுத்தார்கள், அயலவரைச் சாட்சியாக்கி எழுதி வைத்தார்கள். 2014 மாசியில் வந்த சட்டம் திட்டங்களை நிரந்தரமாக்கி, 2011 ஐப்பசி (ஒக்டோபர்) முதலாம் திகதி முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் கொடுத்தது. எழுதி வைத்தவர்கள் பெற்றார்கள்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். 2018 வரை ஈலாப் முழுவதற்கும் ஆண்டுக்கு இரண்டு கோடி டொலர் என்ற உச்சவரம்பு இருந்தது. விண்ணப்பங்கள் கூடினால் எல்லோருக்கும் வெட்டித்தான் கொடுப்பார்கள். அந்த வரம்பை எடுத்தபின்னரே கணக்கிட்ட தொகை கைக்கு வரத் தொடங்கியது.

பழைய கந்தோர்

பிள்ளை, மிகப் பயனுள்ள விளக்கம். அயலவரின் எழுத்துச் சாட்சி என்பதை நம் நாட்டிலும் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாக முடித்து வைக்கலாம். அதற்குச் செலவு சிறிது. மணற்காட்டுத் தம்பியின் நான்கு மாடுகளுக்கு அன்று அப்படியொரு கடதாசி இருந்திருந்தால் அலுவலருக்கும் கையெழுத்திட ஒரு பிடி இருந்திருக்கும்.

காவிரிக்கரை

தமிழ்நாட்டிலிருந்து ஒரு சிறு செய்தி. இங்கே மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய அரசு வகுத்த வீதங்கள் முன்கூட்டியே அச்சில் இருக்கின்றன: பசு அல்லது எருமை ஒன்றுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்போடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழக அரசும் பசுவுக்கும் ஆட்டுக்கும் இதே தொகையைத்தான் அறிவித்தது. தொகை போதுமா என்பது வேறு. ஆனால் என்ன கிடைக்கும் என்பது புயலுக்கு முன்பே தெரியும். அந்த வீதப் பட்டியலில் பட்டுப்புழு வளர்ப்போருக்குத் தனி இடம் உண்டு. தேனீக்குப் பெயர் சொல்லி ஓர் இடம் இல்லை. பட்டுப்புழு ஏறியதற்குக் காரணம் அதை வளர்ப்பவர்கள் துறையின் பதிவில் இருப்பதுதான் என்பது என் எண்ணம்.

தீவகத்து ஆடு

எல்லோருடைய எழுத்தையும் வாசித்தேன். பதிவு, பதிவு என்று சொல்லும்போது என்னைப் போன்றவர்களையும் நினைவில் வையுங்கள்.

என் கணவர் இல்லை. இருப்பது உறவினருடைய காணி. அவர்கள் கனடாவில் இருக்கிறார்கள். ஒன்பது ஆடுகள் வளர்க்கிறேன். பூவரசங் குழையும் கிளுவைக் குழையும் வெட்டிப் போடுவேன், மாரியில் அதுவும் கிடைக்காது. 2025 மழையில் நான்கு குட்டிகள் குளிரில் செத்தன. சாக்கில் சுற்றி அடுப்படியில் வைத்திருந்தும் இரண்டு நாளுக்குள் ஒவ்வொன்றாகப் போயின. இழப்பைப் பதியச் சென்றபோது “பண்ணைப் பதிவு இருக்கிறதா, காணி உறுதி இருக்கிறதா?” என்று கேட்டார்கள். ஒன்பது ஆட்டை எவரும் பண்ணை என்று சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை. அக்குட்டிகளை வளர்த்துத் தைப்பொங்கலுக்குப் பின் விற்று மகளின் படிப்புச் செலவுக்குக் கொடுப்பதே என் கணக்கு.

அமெரிக்காவில் வசதி குறைந்தவருக்குக் கூடிய வீதம் என்று தங்கை எழுதியிருக்கிறார். இங்கே வசதி குறைந்தவர்தான் முதலில் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். பதிவு வேண்டும் என்றால், காணி யாருடையது என்று கேட்காமல் ஆடு யாருடையது என்று கேட்டுப் பதிவு செய்யட்டும். நோய்த்தடுப்பு ஊசி போட வருகிறவர்கள் ஏற்கெனவே என் வீட்டுக்கு வந்து ஆடுகளை எண்ணித்தான் ஊசி போடுகிறார்கள். அந்த எண்ணிக்கையை ஒரு துண்டில் எழுதி என் கையில் தந்தால் போதாதா?

மணற்காட்டுப் பட்டி

அக்கா சொன்ன ஊசித் துண்டு மிகச் சரியான யோசனை. பால் ஊற்றுகிறவர்களுக்குச் சங்கத்துப் புத்தகம் இருக்கிறது. மழைக்கு முதல் வாரம் பதினான்கு லீற்றர், பின்னர் மூன்று லீற்றர் என்றால் அதுவே பேசும். இறைச்சிக்கும் குட்டிக்கும் வளர்ப்பவர்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை.

வலிகாமத் தோட்டம்

நான் முன்னர் எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். இயல்பான இழப்பைக் கழித்து மிஞ்சியதற்குக் கொடுப்பது நியாயம்; அதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. தீவகத்துத் தங்கையின் நிலையை வாசித்தபின் மாட்டையும் தேனீயையும் எதிரெதிரே நிறுத்தியதும் சரியல்ல என்று உணர்கிறேன். ஆனாலும் இரண்டு நிபந்தனைகளில் நிற்கிறேன். ஒன்று, மாரி தொடங்கும் முன், புரட்டாசிக்குள் எண்ணப்பட்ட பெட்டிக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். இரண்டு, பெட்டியைத் தாழ்ந்த நிலத்தில், கல்லோ கயிறோ இல்லாமல் விட்டவருக்குக் குறைக்க வேண்டும். மாட்டைப் பள்ளத்தில் கட்டிவிட்டு நட்டஈடு கேட்க முடியாது அல்லவா?

தென்மராட்சித் தேன்பெட்டி

முதலாவது நிபந்தனையை மனமார ஏற்கிறேன். இரண்டாவதில் ஒரு சிறு மறுப்பு. என் பெட்டிகள் இரண்டடி உயரத் தாங்கு கால்களில்தான் நின்றன. 2008 இல் நிஷா புயலின் வெள்ளம் அந்த வளவில் எவ்வளவு ஏறியது என்று கிணற்றுக்கட்டில் அப்பா இட்ட அடையாளத்தைப் பார்த்தே உயரத்தை முடிவு செய்திருந்தேன். இம்முறை வெள்ளம் அந்த அடையாளத்துக்கு வரவில்லை. ஆனால் மண் ஊறி இளகியதால் கால்கள் சாய்ந்தன. கவனக்குறைவைக் கண்டு குறைப்பது சரி. எது கவனக்குறைவு என்பதை வளவுக்கு வந்து பார்த்தவர் எழுத வேண்டும்.

பழைய கந்தோர் ஐயா, உங்கள் சொற்படி விவசாயப் போதனாசிரியருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஆறு கிழமைக்கு முன் கொடுத்த சேத விண்ணப்பத்தின் நிலை என்ன என்று கேட்டால் எவரும் மறுமொழி சொல்கிறார்கள் இல்லை. அதற்கு என்ன செய்யலாம்?

பழைய கந்தோர்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் விண்ணப்ப இலக்கத்தைக் குறிப்பிட்டு மூன்றை மட்டும் கேளுங்கள்: விண்ணப்பம் இப்போது எந்த மேசையில் இருக்கிறது, எந்தச் சுற்றறிக்கையின் கீழ் தீர்மானிக்கப்படுகிறது, அந்தச் சுற்றறிக்கையின் பிரதி. கொடுப்பதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. கோபத்தை எழுதாதீர்கள், கோபம் எழுதிய கடிதத்துக்கு அலுவலகத்தில் விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் போகும், அதற்குள் மாதம் கழிந்துவிடும். சுற்றறிக்கை கையில் கிடைத்ததும் அதில் “கால்நடை” என்பதற்கு என்ன வரைவிலக்கணம் தரப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தேனீயை வெளிப்படையாக விலக்கவில்லை என்றால் மாவட்ட மட்டத்தில் பேச இடம் உண்டு. விலக்கியிருந்தால் அலைச்சலை நிறுத்தி, அடுத்த சுற்றறிக்கையில் சேர்க்கும்படி கேட்பதே வழி.

பனிவயல்

அண்ணா, நீங்கள் இன்றே தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பண்ணையில் ஒவ்வொரு பெட்டிக்கும் மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறோம்: திகதி, தேனீ நிறைந்த சட்டங்கள் எத்தனை, இராணி கண்டோமா, தீனி கொடுத்தோமா. மாதம் ஒருமுறை அந்த மூடிகளை வரிசையாகப் படம் எடுப்போம். மூடி வெள்ளத்தில் போனாலும் படம் தொலைபேசியில் இருக்கும். ஒரு பெட்டி வெறுமையாகக் காணப்பட்டால், அடைகளை அகற்றும் முன் எல்லாச் சட்டங்களையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். செத்த குடும்பத்தின் அடையும் பறந்த குடும்பத்தின் அடையும் படத்திலேயே வேறுபட்டுத் தெரியும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தென்மராட்சித் தேன்பெட்டி

நன்றி தங்கச்சி. நன்றி ஐயா. தகவல் கோரிக்கையை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

விவசாயப் போதனாசிரியர் வருகிற வியாழக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எஞ்சிய ஒன்பது பெட்டிகளுக்கும் இலக்கம் இட்டுவிட்டேன். வெறும் பெட்டிகள் 13 ஐயும் கழுவாமல், அடைகளைப் படம் எடுத்தபின் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். தென்மராட்சியில் என்னை விட வேறு ஆறு பேர் தேனீ வளர்ப்பது எனக்குத் தெரியும். அவர்களோடு பேசி, எங்கள் எல்லோருடைய பெட்டிகளையும் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் எண்ணிக் கையெழுத்திட்டுத் தரும்படி கேட்கும் கடிதமொன்றை எழுதியிருக்கிறோம். விவசாயத் திணைக்களத்துக்கு ஒரு பிரதி, கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஒரு பிரதி, பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி. தீவகத்து அக்காவின் ஊசித் துண்டு யோசனையையும் அதே கடிதத்தில் இரண்டாம் பந்தியாகச் சேர்த்திருக்கிறோம். அக்காவுக்கு உடன்பாடு என்றால் அவருடைய கையெழுத்தையும் பெற விரும்புகிறோம்.

வலிகாமத்திலும் வடமராட்சியிலும் பெட்டி வைத்திருப்பவர்கள் இருந்தால் எத்தனை பெட்டி, எந்தக் கிராம அலுவலர் பிரிவு என்று மட்டும் தனிமடலில் எழுதுங்கள். புதன்கிழமை மாலைக்குள் வருபவற்றைப் பட்டியலில் சேர்க்கலாம்.

வலிகாமத் தோட்டம்

என் தோட்டத்து வேலியோரப் பனங்கொட்டிலில் ஒரு கூடு இரண்டு மாதமாக இருக்கிறது. பெட்டி என்னிடம் இல்லை. வியாழக்கிழமைக்குப் பின் ஒரு நாள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. எடுத்தபின் அதற்கும் இலக்கம் இடுங்கள்.